தேய்க்காத பாதி

இன்று காலை மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்குச் சாணை பிடிக்கிறவர் வந்தார். அரிவாள்மனையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். ஈரக் கல் தேயும் வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய், மச்சான்.

நாளைக்கு உனக்குப் படத்திறப்பு. நேற்று உன் மருமகன் வந்து பக்குவமாகச் சொன்னான். "மாமா, காலேஜ்லேர்ந்து அவுங்கெல்லாம் வர்றாங்க. நீங்க நாலு வார்த்தை நல்லதா பேசுங்க. அந்தப் பழைய சண்டைய மட்டும் எடுக்காதீங்க." நானும் தலையாட்டி வைத்தேன். சாணைக்கல் வாசனை பட்டதும் அந்தத் தலையாட்டலை வாபஸ் வாங்கிவிட்டேன்.

அறுபதுகளின் நடுவில் சிதம்பரத்தில் நாம் இருவரும் நிலவியல் ஆராய்ச்சி மாணவர்கள். தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை நீ. ஆராய்ச்சிக்கு எடுத்தது அம்மோனைட்டை. டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்து, சுருண்ட ஓட்டோடு கல்லாகிப்போன பிராணி அது. ஓட்டுக்குள்ளே அறை அறையாகத் தடுப்புச் சுவர்கள். சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. மேல்தோலை லேசாக எடுத்துத் தண்ணீர் தெளித்தால், கொத்தமல்லி இலை ஓரம் மாதிரி நெளிநெளியாகத் தெரியும். அந்த நெளிவை வைத்துத்தான் எந்த வகை என்று சொல்வோம்.

துறையின் கண்ணாடி அலமாரியில் நம் பேராசிரியரின் பெருமை ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதன் கோட்டில் நெளிவே கிடையாது, வெறும் வளைவுகள்தான். அதனால் புது இனம் என்று பேர் வைத்துக் கட்டுரையும் போட்டுவிட்டார். நீ லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தாய். "மச்சான், இது புதுசு இல்ல. பளபளன்னு ஆவணும்னு ஜாஸ்தி தேச்சுட்டாரு. சுவரு ஓரத்துலதான நெளியும், உள்ள போவப் போவ நேராயிடும்ல" என்று என் காதில் சொன்னாய்.

அவரிடமும் பணிவாகத்தான் சொன்னாய். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே. "மீன் அரியிற வீட்டுலேர்ந்து வந்து எனக்குப் பாடம் எடுக்குறியா? உன் தீசிஸ்ல நான் வச்ச பேருதான் இருக்கணும். இல்லன்னா கையெழுத்து கிடையாது." அவர் கையெழுத்து இல்லாமல் உனக்குப் பட்டம் கிடையாது. அதைச் சொல்லி நான் பயந்தேன். நீ அந்த மாதிரிக் கல் கிடைக்கும் அரியலூருக்குப் புறப்பட்டாய், நானும் கூட வந்தேன்.

ஓடைக்கரையில் வெயிலில் வெந்து, அதே இனத்தில் யாரும் தேய்க்காத முழுசான ஒன்றைத் தேடிப் பிடித்தாய். விருத்தாசலத்தில் பஸ் மாறும்போது கண்டக்டர் கேட்டார்: "இன்னா சார், கல்லத் தூக்கினு எங்க போறீங்க?" நீ முகம் மாறாமல், "கல்லு இல்லண்ணே, கடல்ல இருந்த பிராணி" என்றாய். "அப்ப சீட்டுல உக்கார வைங்க" என்றார் அவர். சிதம்பரம் வரைக்கும் அது உட்கார்ந்து வந்தது, நாம் நின்றுகொண்டு வந்தோம்.

அடுத்து வந்த துறைக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து பெரிய ஆய்வாளர் ஒருவரை அழைத்திருந்தார்கள். நீ மேசைமேல் சாணைக்கல்லையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் வைத்தாய். அரியலூர்க் கல்லை லேசாகத் தேய்த்து, நனைத்து, எல்லார் கையிலும் கொடுத்தாய். கொத்தமல்லி ஓரம். பிறகு ஒரு பாதியை மட்டும் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாய். உனக்குக் கிடைத்ததிலேயே நல்ல கல் அதுதான். போதும் என்று ஜாடை காட்டினேன். நீ நிறுத்தவில்லை. நெளிவெல்லாம் போய், அலமாரியில் இருந்த அதே வளைவு வந்தது.

"உங்க புது இனத்துல இன்னொண்ணு செஞ்சுட்டேன் சார்" என்றாய்.

வெளியூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேராசிரியர் எழுந்து போனார். கையெழுத்தும் அவரோடு போனது.

பட்டமில்லாமல் கடலூரில் பள்ளிக்கூட வாத்தியாராகவே காலத்தைக் கழித்தாய். கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாமே என்று கேட்காத ஆள் இல்லை. "அந்தப் பேர எழுதிட்டு எப்படிச் சோறு எறங்கும்?" என்று மட்டும் சொல்வாய். சண்டை போடத் தெரியாதவன் நீ. எனக்குத் தெரியும். அந்தத் துறைக்காரர்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். அலமாரியில் இன்றைக்கும் அந்தப் பேர்தான் தொங்குகிறது.

நாளைக்கு வருகிறவர்கள் உன்னை அடக்கமான மாணவர், துறையின் செல்லப்பிள்ளை என்று பேசுவார்கள். உன்னையும் பளபளவென்று தேய்த்துக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப் பார்ப்பார்கள். விடுவேனா?

அன்றைக்கு நீ தேய்த்த கல்லை என்னிடம்தான் கொடுத்தாய். அதை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன். மருமகனிடம் சொல்லவில்லை. மேடையில் எனக்குக் குடிக்க ஒரு தம்ளர் தண்ணீர் வைப்பார்கள். எல்லார் கண் முன்னாலும் அதை நீ தேய்க்காமல் விட்ட பாதியின் மேல் ஊற்றுவேன்.