உங்களுக்கு வேணாம்மா

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மலையே தெரியவில்லை. எஸ்டேட்டுக்குக் காட்ட எடுத்துப் போனவை: ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி, மழைக்கோட்டு ஒன்று, படுதாத் துண்டு, ஆர்டர் புத்தகம். குடையை மறந்துவிட்டேன். 8.40 வண்டி.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏழெட்டு வளைவு ஏறியிருப்போம். பஸ்சைப் போலீஸ் மறித்தது. இரண்டு பேர். பதினைந்தாம் தேதி வருவதால் சோதனை என்றார் கண்டக்டர். ஏறிய போலீஸ்காரருக்குச் சின்ன வயது. முன்னால் உட்கார்ந்திருந்த எங்களைத் தாண்டி நேரே பின்னால் போனார். ஏலக்காய் எடுக்கப் போகும் ஆட்கள் அங்கேதான். "கார்டு எடு. ஒவ்வொருத்தனா எடு."

அவர் திரும்பி வரும்போது நான் கேட்காமலே ஆதாரை நீட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கு வேணாம்மா." எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

எனக்குப் பின் சீட்டில் ஒருவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கைலி, கட்டம் போட்ட சட்டை. போலீஸ்காரர் அவரைப் பார்த்து "நீ எடு" என்றார்.

"அவுகளுக்கு வேணாங்கிறீக. எனக்கு மட்டும் எதுக்கு சார்?"

சத்தம் போடவில்லை. வழி கேட்பதுபோலக் கேட்டார்.

"சட்டம் பேசுறியா? எறங்கு."

"காட்ட மாட்டேன்னு சொல்லலையே சார். எதுக்குன்னுதான் கேட்டேன்."

சட்டையைப் பிடித்து இறக்கினார்கள். கீழே ஒரு அடி விழுந்த சத்தம். பிறகு அவர் குரல்: "பைல இருக்கு சார். பை வண்டிலதான் இருக்கு."

கண்டக்டர் தலையை உள்ளே நீட்டினார். "அந்தாளு பை இங்க எங்கயும் கெடக்கா? கார்டு அதுக்குள்ளதான் இருக்காம்."

நீல ரெக்சின் பை. பிரேக் போட்டபோது பின்னாலிருந்து சறுக்கி வந்து என் காலில் முட்டி நின்றிருந்தது. குனிந்து பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

எடுத்துக் கொடுத்தால் 'இவனைத் தெரியுமா' என்று கேட்பார்கள். இறங்கச் சொல்வார்கள். பத்து மணிக்கு எஸ்டேட் மேனேஜர் வரச் சொல்லியிருந்தார். இவ்வளவும் ஒரு நொடியில் ஓடியது.

"இல்ல சார்" என்றார் கண்டக்டர். விசில். வண்டி கிளம்பிவிட்டது.

இறங்கும்போது பையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஏன் என்று தெரியவில்லை.

ஆர்டர்: பூட்ஸ் 30 ஜோடி.

ஆகஸ்ட் 6, புதன்

மழை விட்டு வெயில். எங்கள் கடையில் கூட்டம் இல்லை. பை மேசைக்கு அடியில், சாக்கு போட்டு மூடி.

மதியம் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில் சொல்வதுபோல, நேற்று ஒரு ஆளை இறக்கினார்கள் என்று மட்டும் சொன்னேன். பையைப் பற்றிச் சொல்லவில்லை.

"காட்டச் சொன்னா காட்டிட்டுப் போக வேண்டியதுதான எஸ்தரு. ஒரு நிமிசச் சோலி. தப்புப் பண்ணாதவனுக்கு என்ன பயம்?"

"எதுக்குன்னு கேட்டா தப்பா?"

"எல்லார்ட்டயுந்தான கேக்குறாக."

"என்கிட்ட கேக்கலையே."

நிமிர்ந்து பார்த்தார். ரசம் கேட்டார்.

அவர் போனதும் பையைத் திறந்தேன். இரண்டு தூக்குச் சட்டிகள், சோறு புளித்து வாடை. துண்டு. மாற்றுச் சட்டை. பிளாஸ்டிக் உறைக்குள் ஆதார். வேல்முருகன், சிலமலை. படத்தில் சிரிக்காமல் சிரிப்பதுபோல ஒரு முகம்.

அடியில் ஒரு மாத்திரை அட்டை. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் பெரியண்ணன் இருபது வருடம் சாப்பிட்ட அதே வலிப்பு மாத்திரை. காலை ஒன்று, மாலை ஒன்று. ஒரு நாள் விட்டாலும் அண்ணனுக்கு வந்துவிடும்.

நேற்று மாலை. இன்று காலை. இன்று மாலை.

ஆகஸ்ட் 7, வியாழன்

சிலமலைக்குப் போகவில்லை.

போகாததற்குக் காரணங்கள்: சரக்கு இறங்கியது. இவர் மதுரை போயிருந்தார், கடையில் ஆள் இல்லை. காலில் சுளுக்கு. (சுளுக்கு இல்லை.)

பதினோரு மணி வாக்கில் தோட்டத்து ஆட்கள் இருவர் பூட்ஸ் வாங்க வந்தார்கள். போட்டுப் பார்த்துக்கொண்டே பேச்சு.

"பஸ்சுல இருந்து எறக்குனாகள்ல, அந்தாளு ஸ்டேசன்லயே வெட்டி இழுத்து விழுந்துட்டானாம்."

"தண்ணியப் போட்டிருப்பான்."

"இல்ல மாப்ளே, சிலமலைக்காரரு. அந்தப் பழக்கமே கெடையாது. படில மொகம் அடிச்சிருச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக."

நான் ஏழாம் நம்பர் கேட்டவருக்கு எட்டாம் நம்பரைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். திரும்பி வந்து மாற்றிப் போனார்.

உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வாய் வரவில்லை.

வலது கணுக்காலில் அந்தப் பை முட்டிக்கொண்டே இருக்கிறது. குளிக்கும்போது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது. ஜெபத்தில் முழங்கால் போட்டிருக்கும்போதுகூட. இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டேன். காலடியில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நல்ல வெயில். சிலமலை, காலை பஸ்சில். பெயரைச் சொன்னதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள்.

உயிரோடு இருக்கிறார். முதலில் அதை எழுதுகிறேன்.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். புருவத்தில் தையல். முன்பல் இரண்டு இல்லை. உதடு வீங்கி, பேச்சு குழறல். கேஸ் எதுவும் போடவில்லையாம். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, "வீட்டுக்குப் போ" என்று சொல்லிப் போய்விட்டார்களாம்.

அவர் மனைவி பேச்சியம்மா பையைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு பெத்த மகளோ, வீடு தேடிக் கொண்டாந்து குடுக்கீக. இந்த மூணு நாளா எங்க கெடந்துச்சு ஆத்தா?"

"வண்டியிலேயே கிடந்திருக்கு. நேத்துதான் கண்டக்டர் குடுத்தார்."

சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாக வந்தது.

வேல்முருகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மா காப்பி போட உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார்:

"நீங்க குனிஞ்சு பாத்தீக."

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"ஜன்னல் வழியாத் தெரிஞ்சது. கீழ நின்னு உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். எடுத்துக் குடுத்துருவாகன்னு நெனச்சேன்."

"பயந்துட்டேங்க அண்ணே."

"ம்." புருவத் தையலைத் தடவிக்கொண்டார். "நான் கேட்டிருக்கக் கூடாது."

நீங்கள் கேட்டது சரிதான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. அதற்குள் காப்பி வந்துவிட்டது. கருப்பட்டிக் காப்பி. முழுவதும் குடித்தேன். பேச்சியம்மா வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காற்று. கடைப் படுதா கிழிந்தது, தைக்கக் கொடுக்க வேண்டும்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "வேற யார்ட்டயும் சொல்லிக்கிறாத" என்றார். பிறகு, "நான் இருந்தாலும் எடுத்துக் குடுத்திருக்க மாட்டேன்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார் போல. எனக்கு அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பாதி ஆராதனையில் எழுந்து வந்துவிட்டேன். தலைவலி என்று சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மூடுபனி. முப்பது ஜோடியும் ஜீப்பில் ஏற்றிவிட்டாச்சு. நான் 8.40 வண்டி.

சிலமலை ஆட்கள் ஐந்தாறு பேர் ஏறினார்கள். கடைசியாக வேல்முருகன். தையல் பிரித்திருக்கிறது, புருவத்தில் கோடு. என்னைப் பார்த்துத் தலையசைத்தார், தெரிந்தவர்களுக்கு அசைப்பதுபோல. நான் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டேன். பின்னால் போய்விட்டார்.

அவர் கழுத்தில் ஒரு நாடா. அதில் பிளாஸ்டிக் உறையோடு ஆதார். சட்டைக்கு வெளியே, முகம் தெரியும்படி நெஞ்சில் தொங்குகிறது.

முந்தலில் யாரும் இல்லை. வளைவுகளிலும் யாரும் இல்லை. வண்டி எங்கும் நிற்கவில்லை.

கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டே பின்னால் போனார். "எங்க போகணும்ணே?"

திரும்பிப் பார்த்தேன். வேல்முருகன் அட்டையை இரண்டு கையாலும் தூக்கிக் கண்டக்டர் முகத்துக்கு நேரே காட்டிக்கொண்டிருந்தார்.