ஒரு முனை தடித்த சோப்பு

இன்று காலை சோப்பு அச்சுப் பெட்டியைத் திறந்ததும் யூகலிப்டஸ் தைல வாசனை மூக்கில் ஏறியது. கூடவே நீயும் வந்து நின்றாய். திரும்பிப் பார்த்தேன். கொட்டகைக்குள் மேகம்தான் புகுந்திருந்தது.

வடகவுஞ்சியிலிருந்து வட்டக்கானலுக்கு வாழ வந்த நீயும் அடுத்த வீட்டுக்காரியான நானும் என் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் சோப்பு செய்யத் தொடங்கினோம். குழம்பைக் கலக்குவது நான். பெட்டியில் ஊற்றுவதும் உறைந்ததை அறுப்பதும் நீ. ஒரு கட்டியின் கனஅளவு தெரிந்தால்தான் அடுத்த பெட்டிக்கு எவ்வளவு கலக்குவது என்று தெரியும். அதனால் இருவரும் ஸ்கேலோடு உட்காருவோம்.

சுற்றுக் காகிதம் வெட்டும்போது நான் கட்டியின் அடிப்பக்கத்தை மறந்துவிடுவேன். காகிதம் பற்றாது. நீ சிரிப்பாய். "கட்டிக்கும் ஆறு மொகம்டி, நம்ம பழனிக்காரரு மாதிரி. அடியில கெடக்குறதையும் சேத்துக் கூட்டு."

நீளம் எட்டு, அகலம் ஐந்து. உயரத்தில்தான் நமக்குள் வழக்கு. ஒரு முனை மூன்று சென்டிமீட்டர், மறுமுனை இரண்டு புள்ளி ஆறு. எல்லாக் கட்டியும் அப்படித்தான்.

"ஒன் கை கோணல்டி. ஊத்தும்போது பராக்குப் பாக்குற."

"என் கை நேராத்தான் இருக்கு. ஒன் வீடுதான் பள்ளத்தப் பாத்துச் சாயுது. பேசாம ரெண்டு முனையையும் அள. கூட்டி ரெண்டால வகு. வெரசா சோலியப் பாரு."

சராசரி இரண்டு புள்ளி எட்டு. பெருக்கினால் நூற்றுப் பன்னிரண்டு கன சென்டிமீட்டர். கணக்கு முடிந்துவிடும், சண்டை முடியாது.

போன மழைக்காலத்தில் உனக்கு மூச்சு முட்டியது. வத்தலக்குண்டுக்கு இறங்கும் வண்டியில் என் மடியிலேயே போய்விட்டாய். மாதங்கள் கழித்து முதன்முறையாக நானே ஊற்றினேன், நானே அறுத்தேன். அளந்து பார்த்தேன். பள்ளத்துப் பக்கத்து முனை மூன்று, வீட்டுப் பக்கத்து முனை இரண்டு புள்ளி ஆறு.

உடம்பு சிலிர்த்துவிட்டது. "வந்துட்டியா?" என்று வாய்விட்டே கேட்டேன். பயமில்லை, சந்தோஷம்தான். அதன் பிறகு ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் என் மணிக்கட்டின் மேல் உன் கை இருப்பதாகவே நம்பினேன். பேச்சுத் துணைக்கு உன்னை வைத்துக்கொண்டேன்.

போன வாரம் விருந்தினர் விடுதிக்கார அம்மா போன் செய்தார். நம்மிடம் நிரந்தரமாக வாங்குகிற இடம் அது ஒன்றுதான்.

"அக்கா, வாசனையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இப்ப ரூம்ல மரப்பெட்டியில வைக்கிறோம். ஒரு பக்கம் தடிமனா இருக்கறதால மூடி மூட மாட்டேங்குது. அடுத்த லாட்டும் இப்பிடின்னா வேண்டாங்கக்கா."

அந்த யோசனையில் கை தவறிச் சொம்பைத் தட்டிவிட்டேன். அச்சுப் பெட்டி வைக்கும் மேசையில் கொட்டிய தண்ணீர் நேராகப் பள்ளத்துப் பக்கம் ஓடியது. பார்த்துக்கொண்டே நின்றேன். கையில்லை, மேசைதான். குழம்பு தன் மட்டத்துக்கு நின்றிருக்கிறது, பெட்டிதான் சாய்ந்திருக்கிறது. நம் வழக்கில் நீதான் ஜெயித்தாய். ஆனால் ஜெயித்த கையோடு இன்னொரு முறை போய்விட்டாயே என்றுதான் அழுதேன்.

மேசைக் காலுக்கு ஓட்டுச் சில்லு வைக்க இரண்டு நாள் மனம் வரவில்லை. வைத்துவிட்டால் அந்தச் சாய்வும் போய்விடும். வைக்காவிட்டால் இருக்கிற ஒரு ஆர்டரும் போய்விடும். "சோலியப் பாரு" என்றுதானே நீ சொல்வாய். நேற்று வைத்தேன், குழம்பை ஊற்றினேன்.

இன்று அறுத்த கட்டிகள் எல்லாம் மட்டமாக வந்திருக்கின்றன. மூடி மூடும். ஒரு கட்டியை எடுத்து ஒரு முனையை அளந்தேன், இரண்டு புள்ளி எட்டு. அதோடு எழுந்திருக்கலாம். கட்டியைத் திருப்பி மறுமுனையையும் அளந்தேன். கூட்டினேன். இரண்டால் வகுத்தேன்.

அதே நூற்றுப் பன்னிரண்டுதான்டி வந்தது.