கடிகாரம் எண்ணியது

செவ்வாய்க்கிழமை.

ரத்தக்கொதிப்புக்காக மகள் கட்டிவிட்ட கைக்கடிகாரம் என் நடையையும் நாடித்துடிப்பையும் எண்ணி, பெங்களூரில் இருக்கும் அவள் போனுக்கு அனுப்புகிறது.

இன்று பொதுக்கிணற்றில் தண்ணீர் பாய்ச்ச என் முறை. தம்பி தண்ணீரைத் தன் மஞ்சள் காட்டுக்குத் திருப்பியிருந்தான். ஏன்டா என்றேன். "அப்படித்தானுங்ணா, என்ன பண்ணுவீங்க?" என்றான். மண்வெட்டிப் பிடியால் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். கடிகாரம் மணிக்கட்டில் அதிர்ந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. வாய்க்காலில் ரத்தம் ஓடியது. பெருந்துறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இன்னும் கண் திறக்கவில்லையாம்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"அப்பா, இன்னைக்குத்தான் எக்சர்சைஸ் டார்கெட்டை முடிச்சிருக்கீங்க! என்ன பண்ணுனீங்க?"

"காட்டுல வேலை கண்ணு."

"நாளைக்கும் இதே மாதிரி பண்ணுங்கப்பா."