சனிக்கிழமைப் பயிற்சி

கடியப்பட்டணம்

ஜெஸ்லினின் அப்பாவுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இனி சனிக்கிழமைதோறும் நம் கோயில் மண்டபத்திலேயே பயிற்சியாம். ஜெஸ்லினோடு நாகர்கோவிலுக்கு இரண்டு பஸ் மாறி அலைய வேண்டாம். சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குப் பகீரென்றது. பல் டாக்டரிடம் போகிறோம் என்றல்லவா ஊரில் சொல்லி வைத்திருக்கிறோம். உங்கள் அக்காவுக்குத் தெரியவே கூடாது என்பீர்களே.

ஞாயிறு பூசை முடிந்ததும், “பிள்ளைய சேக்கணும்னு உள்ளவங்க எழும்பி நில்லுங்க” என்றார் பங்குச் சாமியார். நான் ஜெஸ்லினை அணைத்தபடி குனிந்துகொண்டேன். முன்வரிசையில் ஒருவர் மகனோடு எழுந்தார்.

உங்கள் அக்கா!

திரும்பி என்னைப் பார்த்து, “நீயும் எழும்பு மக்கா” என்றார். எப்போதிருந்து தெரியுமோ! எழுந்துவிட்டேன். சரியா, தப்பா, தெரியவில்லை.

மகனைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போவதாக அவர் சொல்லிவந்ததை நாமும் நம்பினோமே.

ஒன்றும் புரியாமல்,
உங்களவள்