துளை போடாத டிஸ்க்

ஞாயிறு, 12 ஒக்டோபர்



செத்துப்போன அப்பாவின் பழைய கொம்பியூட்டர் தொடங்கும்போதே உறைந்து நின்றது. டிஸ்க் பழுது என்று முடிவு கட்டினேன். பழைய பில்லுகளைத் தவிர உள்ளே என்ன இருக்கப்போகிறது? வீசுமுன், யாரும் படிக்காதபடி டிஸ்கில் துளை போட டிரில்லையும் எடுத்துவிட்டேன். இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடத் தடை; போட்டால் கீழ்வீட்டுக்காரி பொலிசைக் கூப்பிடுவாள். அதனால்தான் நாளைக்குத் தள்ளினேன்.

அம்மா தேநீரோடு வந்து கீபோர்ட்டைப் பார்த்தார்.

"சரஸ்வதி பூசைக்கு நான் வைச்ச சந்தனமெல்லோ காய்ஞ்சு கிடக்கு, தம்பி."

நகத்தால் சுரண்டினார். ஒட்டி அமுங்கிக் கிடந்த விசை மேலே வந்தது. மறுபடி போட்டேன். ஒழுங்காகத் தொடங்கியது. பழுது டிஸ்கில் இல்லை, அந்த விசையில்தான்.

திரையில் அப்பாவின் முகத்தோடு ஒரு வீடியோ. அழுத்தினேன்.

"ரெக்கோர்ட் ஆகுதோ?" என்று கேட்டார் அப்பா.

என் பக்கத்தில் நின்ற அம்மா, "ஓம்" என்று தலையாட்டினார்.