இடது பக்கம் மட்டும்

கடற்கரைத்தெரு,
நீர்கொழும்பு.

அன்பு மகள் டில்ருக்ஷிக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே நாங்கள் சுகம். மிலானோ குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். போனில் உன் அம்மா எனக்கு வாய் திறக்க இடம் தருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் மானம் போன கதையை நானே எழுதிவிடுகிறேன். நம் பழைய மைனர் கார் கொஞ்ச நாளாகப் பள்ளத்தில் விழும்போதெல்லாம் முன்னால் டொக் டொக் என்றது. கண்ணாடிக்குக் கீழே நிற்கிற அந்தோனியார் சுரூபம்தான் ஆடுகிறது என்று நானே தீர்ப்புச் சொல்லி, பசை வைத்தேன். சத்தம் நிற்கவில்லை. சுரூபத்தின் தலையோடு பஞ்சு சுற்றினேன். பூசை முடிந்து பங்குத்தந்தையை ஏற்றிக்கொண்டு வந்தபோது அவர், "அந்தோனியாருக்கு என்ன, காதுவலியா?" என்று கேட்டார். பின்னாலிருந்து உன் அம்மா, "இந்த மனுசன்ட வண்டிச் சத்தம் தாங்காம காதைப் பொத்திக்கிட்டாரு ஃபாதர்" என்றாள். வீடு வரும்வரை இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆறு வருடம் கழித்து நீ டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வருகிறாய். விமான நிலையத்துக்கு அந்தக் காரில் வரவேண்டாம், நானே வேன் பிடித்து வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அம்மாவும் உன் கட்சி. சத்தம் போகாவிட்டால் நீ வருமுன்பே காரை விற்றுவிட வேண்டுமாம். அதனால் மெக்கானிக் அன்டன் பாஸின் பட்டறைக்குப் போனேன்.

அவன் ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தான். ஆடியது. என்னை பிரேக்கை மிதிக்கச் சொன்னான். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங் தேய்ந்திருக்கிறதாம். நிற்கவில்லை. அப்புறம் டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். டொக். அதே சத்தம், மகளே. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தது போல் எனக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு தரம் நெம்பச் சொல்லிக் கேட்டேன்.

கழற்றிப் பார்த்தோம். சக்கரத்தைத் தாங்குகிற முளையின் திருகு மரை, கரைந்த சவர்க்காரம் மாதிரி வழுவழுத்திருந்தது. "இன்னும் ஒரு பெரிய பள்ளம் போதும் அண்ணே, சக்கரம் மடிஞ்சு படுத்திருக்கும். நீங்களும் அந்தோனியாரும் ஒண்ணா மேல போயிருப்பீங்க" என்றான்.

வலது பக்கத்தையும் கழற்றினோம். அது கல்லுப்போல இருந்தது. அன்டனுக்கு அதுதான் விளங்கவில்லை. "ரெண்டு பக்கமும் கிரீஸ் ஒழுங்கா அடிச்சிருக்கீங்க. இடது பக்கம் மட்டும் எப்படித் தேயும்? எந்தப் படிக்கட்டுல வண்டியை இறக்குறீங்க?" மீன் வாங்க ஓரம் கட்டுவேன் என்றேன். "மீனுக்கு சைக்கிள்லதானே போறீங்க?" அப்படியென்றால் கடல் காற்று உப்பாக இருக்கும் என்றேன். "அந்தக் காத்து வலது பக்கம் வீசாதா அண்ணே?" புது முளை எங்கே கிடைக்கும் என்று நான் கேட்டேன்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அலைந்து முளையும் அதன் மூடிகளும் வாங்கி வந்தேன். மாட்டி, சக்கர நேரும் பார்த்தாயிற்று. அம்மாவை ஏற்றிக்கொண்டு ரயில் கடவையில் வேண்டுமென்றே வேகமாக விட்டேன். ஒரு சத்தமில்லை. "என்ன, இஞ்சின் நின்னுட்டுதா?" என்று பயந்தாள். பிறகு தன் கையாலேயே அந்தோனியாரின் பஞ்சை அவிழ்த்து, "சரி, பிள்ளையை இதிலயே கூட்டிட்டு வாங்க. மெதுவா வாங்க" என்றாள்.

அதனால் வேன் பேசாதே, மகளே. முன்னால், இடது பக்க ஆசனத்தில் நீ உட்கார வேண்டும். தேவமாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அன்டனிடமும் அம்மாவிடமும் ஒன்று மட்டும் சொல்லவில்லை. கட்டுநாயக்க விமான நிலைய வேலியோரம் தார் ரோட்டின் விளிம்பு வெட்டினாற்போல் கீழே இறங்குகிறது. அங்கே இடது சக்கரத்தை இறக்கி நிறுத்தினால்தான், நீ இருக்கிற பக்கத்திலிருந்து வருகிற விமானம் தரை தொடுவது தெரியும்.

உன் அப்பா