மாணவி என்று சொன்ன நளா அக்காவுக்கு

பிரியத்துக்குரிய நளா அக்கா,

உங்களைப் பற்றி யாராவது விசாரித்தால், "அக்கா இப்ப படிச்சுக்கொண்டிருக்கிறா" என்றுதான் என் வாய் தொடங்குகிறது. பாதி வசனத்தில் நினைவு வந்து நின்றுவிடுகிறேன். கேட்டவர்களும் சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். நீங்கள் போய் இது இரண்டாவது வசந்தம். இன்னும் உங்களை இறந்தகாலத்தில் சொல்ல எனக்குப் பழகவில்லை. எப்போது பழகும் அக்கா? பழகத்தான் வேண்டுமா?

நாம் இருவரும் டுசல்டோர்ஃப் முதியோர் இல்லம் ஒன்றில் ஒரே மாடியில் வேலை செய்தவர்கள். சொந்தம் இல்லை, ஒரே ஊரும் இல்லை. நான் புதிதாகச் சேர்ந்த நாட்களில், நோயாளியைக் கட்டிலில் திருப்பும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. "இப்பிடிக் குனியாத, உன்ர முதுகு உனக்கு வேணும்" என்று சொல்லி எதிர்ப் பக்கத்தில் வந்து நின்றீர்கள். அன்றிலிருந்து எதிர்ப் பக்கத்தில் நீங்கள்தான் நின்றீர்கள்.

உங்கள் கணவர் விபத்தில் இறந்தபோது அபி பாலர் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளை வளர்த்துக்கொண்டே முதியோர் பராமரிப்புக்குப் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, வேலைக்கு வந்தீர்கள். ஆனால் உங்கள் ஆசை வேறு. யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை படித்துவிட்டு, கல்யாணத்துக்காகப் படிப்பை அங்கேயே விட்டுவிட்டு ஜெர்மனிக்கு வந்தவர் நீங்கள். சமூகப்பணி படிக்க வேண்டும், பட்டம் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். ஒருமுறை மாணவர் உதவித்தொகைக்குக் கேட்டும் பார்த்தீர்கள். பாஃபொக் என்று இங்கே எல்லோரும் சொல்லும் அந்த அரசு உதவி இல்லாமல், வேலையை விட்டுவிட்டு எப்படிப் படிப்பது? முப்பது வயதைத் தாண்டிவிட்டது, தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நீங்கள் அழவில்லை. "அப்ப அபி படிக்கட்டும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

பிறகு சட்டம் மாறியது. அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன். காலைச் சாப்பாட்டுத் தட்டுகளைத் தள்ளிக்கொண்டு போன என்னை நடைபாதையில் மறித்து நின்றீர்கள்.

"சுகந்தி, நாப்பத்தைஞ்சு ஆக்கிப்போட்டாங்களாம்!"

"எதை அக்கா?"

"பாஃபொக் வயசை. நாப்பத்தைஞ்சுக்கு முன்னம் படிக்கத் தொடங்கினாக் காணும். எனக்கு இப்ப நாப்பத்திமூண்டு!"

"உண்மையாவோ? வடிவாக் கேட்டனீங்களோ?"

"மூண்டு பேரிட்டக் கேட்டிட்டன். நாலாவதா உன்னட்டச் சொல்லுறன்."

பக்கத்து அறையிலிருந்த வயதான பெண்மணி, யாருக்காவது குழந்தை பிறந்திருக்கிறதா என்று ஜெர்மனில் கேட்டார். "இல்லை, நான் பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன்" என்றீர்கள். அவர் கை தட்டினார்.

அந்த இலையுதிர்காலத்தில் அம்மாவும் மகளும் ஒரே உயர்கல்லூரியில் சேர்ந்தீர்கள். நீங்கள் சமூகப்பணி, அவள் மின்பொறியியல். உதவித்தொகைக்கு விண்ணப்பம் கொடுக்கப் போன அன்று எனக்கு லீவு. நானும் கூட வந்தேன். வாசிப்புக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த அந்த அலுவலர் அம்மா, அபியைப் பார்த்து, "உங்கள் மகளுக்கா?" என்று உங்களைக் கேட்டார். "மகளுக்கும்தான்" என்றீர்கள். அவருக்கு விளங்கவில்லை. "எனக்கும்" என்று உங்கள் கையை நெஞ்சில் வைத்துக் காட்டினீர்கள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, உங்களை ஒருமுறை, அபியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நீங்களும் சிரிக்கத் தொடங்கினீர்கள். உங்கள் சிரிப்பு உங்களுக்கே அடங்காது. அபிதான் வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் மாதங்களில் அவள் உங்களைக் கண்டால் வேறு பக்கத்தால் போனாளாம். மாணவர் உணவகத்தில் நீங்கள் ஒரு மேசையில், அவள் தன் சிநேகிதர்களோடு இன்னொரு மேசையில். நீங்கள் அதை என்னிடம் ஒரு பகிடியாகத்தான் சொன்னீர்கள். ஆனால் ஒரு நாள் அவளுடைய சிநேகிதி ஒருத்திக்கு உதவித்தொகை ஏன் வரவில்லை என்று விளங்கவில்லை. அபி அவளை உங்கள் மேசைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அபியும் அங்கேயே இருந்து சாப்பிட்டாள். அன்று மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்து, "பிள்ளை என்னோட இருந்து சாப்பிட்டது" என்றீர்கள். உடனே தொலைபேசியை வைத்துவிட்டீர்கள்.

மூன்றாவது அரையாண்டில் உங்களுக்கு வயிற்றுவலி வந்தது. எல்லோருக்கும் வருவது என்றீர்கள். வேலைக்கு ஓடுகிற எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பரிசோதனை முடிவு வந்தபோது கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். வேறு இடங்களுக்கும் பரவிவிட்டது என்றார்கள்.

படிப்பிலிருந்து விடுப்பு எடுக்கச் சொல்லி எல்லோரும் சொன்னோம். விடுப்பு எடுத்தால் பாஃபொக் நிற்கும். நோயென்றால் மூன்று மாதம் வரை தருவார்கள், அதற்கு மேல் இல்லை. நான் காசுக்காகத்தான் நீங்கள் மறுக்கிறீர்கள் என்று நினைத்து, என் கணவரிடம் கேட்டு ஏதாவது ஒழுங்கு செய்கிறேன் என்றேன்.

"காசுக்காக இல்லையடி," என்றீர்கள். "விடுப்பெண்டால் வீட்டில இருக்கோணும். வீட்டில இருந்தால் நான் நோயாளி, வருத்தக்காரி. அங்க போனால் நான் மாணவி. விளங்குதோ?"

விளங்கியது அக்கா. அதற்குப் பிறகு விடுப்புப் பேச்சை நான் எடுக்கவில்லை. மருந்தேற்றிய நாட்களுக்கு நடுவில், தலையில் பச்சைத் துணியைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனீர்கள். படியேற முடியாதபோது அபி உங்கள் பையையும் தன் பையையும் தூக்கிக்கொண்டு கூட ஏறினாள். சமூகச் சட்டப் பாடத்துக்கான தேர்வை எழுதிவிட்டு வந்து என் காரில் ஏறியதும் தூங்கிப்போனீர்கள். உங்களை எழுப்ப மனமில்லாமல் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, நீங்களாக விழிக்கும்வரை இருந்தேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, ஒரு இளம் தாதி விபரம் பதிய வந்தாள். பெயர், பிறந்த திகதி, முகவரி எல்லாம் கேட்டுவிட்டு, தொழில் என்னவென்றாள். பராமரிப்பாளர் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் கண்ணை மூடியபடியே, "ஸ்டூடென்டின்" என்றீர்கள். மாணவி. தாதி நிமிர்ந்து பார்த்தாள். நீங்கள் கண் திறந்து இன்னொருமுறை, இன்னும் தெளிவாகச் சொன்னீர்கள். அவள் அப்படியே எழுதினாள்.

தேர்வு முடிவு அந்தக் கட்டிலில்தான் வந்தது. அபி தொலைபேசியை உங்கள் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "பாஸோ?" என்றீர்கள். "ஓம் அம்மா. நல்ல பாஸ்." உங்கள் கை அவளுடைய கன்னத்தைத் தேடியது, எட்டவில்லை, அவளே குனிந்து கன்னத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த வாரமே நீங்கள் போய்விட்டீர்கள். ஜன்னலுக்கு வெளியே செர்ரி மரம் பூத்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே கோபமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அபி கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எங்களோடு வந்திரு என்று கூட்டிவந்து பின்னறையைக் கொடுத்தேன். காலையில் பையோடுதான் வெளியே போவாள். ஆனால் ஒரு பேக்கரியில் வேலைக்கு நின்றாள். தேர்வு ஒன்றுக்கும் பெயர் கொடுக்கவில்லை. இலையுதிர்காலம் வந்ததும் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நான்கு அரையாண்டுக்குரிய பாடங்களை முடித்ததற்குச் சான்று கேட்டிருந்தார்கள். சான்று இல்லாவிட்டால் உதவி நிற்கும்.

"நிக்கட்டும் அன்ரி," என்றாள். "பேக்கரியில முழுநேரம் தாறினமாம். நான் படிப்பை நிப்பாட்டப்போறன்."

"ஏன் பிள்ளை? பாடம் விளங்கேல்லையோ?"

"பாடம் விளங்கும். அந்த வாசலுக்குள்ளதான் போகேலாமல் கிடக்கு. அங்க எங்க பாத்தாலும் அம்மா நிக்கிறா."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? படி என்று அதட்டியிருப்பீர்களா? எனக்கு அதட்ட வரவில்லை. "சரி, நிப்பாட்டிறதெண்டாலும் போய்ச் சொல்லிப்போட்டு நிப்பாட்டுவம். அந்த ஒஃபீஸில சந்திக்க ஒரு டெர்மின் எடுக்கிறன்" என்றேன். அதற்கு மட்டும் தலையாட்டினாள்.

அதே அறை, அதே அலுவலர் அம்மா. சான்று எங்கே என்றார். இல்லை என்றாள் அபி. தாமதத்துக்கு ஒரு கடுமையான காரணம் இருந்தால் அவகாசம் கொடுக்கலாம், காரணம் என்ன என்று அவர் கேட்டார். அலுவலர் காத்திருந்தார். நான் சொல்லட்டுமா என்று அவளைப் பார்த்தேன். அவள் தலையை அசைத்து மறுத்தாள்.

பிறகு ஜெர்மனில் சொன்னாள்: "என் அம்மா இறந்துவிட்டார்."

அந்த மாதங்களில் ஒருவரிடமும் அவள் அந்த வசனத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை அக்கா. தமிழிலும் சொன்னதில்லை. பேக்கரியில் அம்மா சுகமில்லாமல் இருக்கிறா என்றுதான் சொல்லி வைத்திருந்தாளாம். எங்கோ ஒரு அரசாங்க அலுவலகத்தில், முன்பின் பழகாத ஒருவர் காரணம் கேட்டதால்தான் அது வெளியே வந்தது. சொன்ன பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. மேசையில் தலையை வைத்து, தோள் குலுங்க அழுதாள்.

அலுவலர் எழுந்து கதவைச் சாத்தினார். வந்து அவளுக்கு எதிரே அமரவில்லை; பக்கத்துக் கதிரையில் இருந்தார். "உங்கள் அம்மாவும் என்னிடம்தான் வந்தார்," என்றார். "அவர் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது." என்னைப் பார்த்து, "நீங்கள் உறவினரா?" என்று கேட்டார். இல்லை, கூட வேலை செய்தவள் என்று சொல்லத்தான் நினைத்தேன். அபி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவின் தங்கை" என்றாள்.

நான் மறுக்கவில்லை அக்கா.

நடந்ததை நாலு வரியில் சொந்தச் சொல்லில் எழுதித் தரும்படி கேட்டார். அபி இரண்டு வரிதான் எழுதினாள். என் அம்மா வசந்தத்தில் இறந்துவிட்டார். நாங்கள் இருவரும் ஒன்றாகப் படித்துக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. "இது போதும்" என்று அவர் வாங்கிக்கொண்டார்.

ஒரு அரையாண்டு அவகாசம் கொடுத்தார்கள், உதவி நிற்கவில்லை. அதனால் மட்டும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். வகுப்புத் தொடங்கிய அன்று வாசல்வரை நான் கூடப் போனேன். வாசலில் நின்று திரும்பி வந்தோம். அடுத்த நாளும் போனோம். அன்றைக்கு உள்ளே போனாள். மாணவர் உணவகத்துக்கு வெகுகாலம் போகவில்லை. நான் கட்டிக் கொடுத்த பாண் துண்டுகளை நூலகப் படியில் இருந்து சாப்பிட்டாள். விட்ட தேர்வுகளை ஒன்றொன்றாக எழுதினாள். ஒன்றில் தோற்று, திரும்ப எழுதி வென்றாள். சில நாட்களில் பின்னறையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்கும். போவதா, விடுவதா என்று கதவடியில் நின்று யோசிப்பேன். நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள், திறந்து போயிருப்பீர்கள்.

இப்போது அவள் கடைசி அரையாண்டில் இருக்கிறாள். மியூனிக்கில் ஒரு நிறுவனத்தில் பட்டத்துக்கான ஆய்வுக் கட்டுரை எழுத இடம் கிடைத்திருக்கிறது. நாளைக் காலை ரயில். இந்தச் செய்தியை யாரிடமும் முழுச் சந்தோஷத்தோடு சொல்ல என்னால் முடியவில்லை. சொல்லத் தொடங்கினால், இதை முதலில் கேட்டிருக்க வேண்டியவர் நீங்கள் என்ற நினைவு குறுக்கே வருகிறது. அவள் பட்டம் வாங்கும் நாளில் அந்த மண்டபத்தில் நான் எப்படி அமர்ந்திருப்பேன்? உங்களுடைய பட்டத்தை யார் வாங்குவது?

இன்று மாலை, சமைத்துக்கொண்டிருந்தபோது, மடிக்கணினியோடு குசினிக்குள் வந்தாள். நிறுவனம் கேட்ட விபரங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"உங்கட நம்பர் மாறேல்லைத்தானே?"

"இல்லை. ஏன்?"

"அவசரமெண்டால் ஆருக்கு எடுக்கிறதெண்டு கேட்டிருக்கு. உங்களைப் போட்டிட்டன், சித்தி."

அன்ரி என்றுதான் இவ்வளவு நாளும் கூப்பிட்டாள். தான் மாற்றிச் சொன்னதை அவள் கவனித்தாளோ தெரியாது. திரும்பிப் போய்விட்டாள். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு, முகம் கழுவும் சாட்டில் குளியலறைக்குள் போனேன்.

அக்கா, அந்த இலக்கத்தை நான் மாற்ற மாட்டேன். வேலையிலும் தூக்கத்திலும் தொலைபேசியை நிறுத்தி வைக்க மாட்டேன். அவள் எந்த ஊரிலிருந்து, எந்த நேரத்தில் எடுத்தாலும், முதல் மணியிலேயே "சொல்லு பிள்ளை" என்பேன். அவளுக்கு என் வயது வந்த பிறகும் அப்படித்தான்.

உங்கள் கூடப்பிறவாத, உங்கள் மகள் உங்களுக்குத் தந்த தங்கை,
சுகந்தி